மூச்சைப் பிடித்து வரம் தரும் பிராணி

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தாள். எட்டு வயது. ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் கதை இல்லாமல் கண் மூட மாட்டாள். எனக்குத் தெரிந்த கதைகள் நாலே நாளில் தீர்ந்துபோயின. ஐந்தாம் நாள் அலமாரியைத் துழாவி, நான் 12 வயதில் படித்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஈடித் நெஸ்பிட் எழுதிய 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்'. டார்ச் வெளிச்சத்தில் ஒரு பத்தியைக் கண்ணால் படிப்பேன், அதையே தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். பதினொரு அத்தியாயமும் அப்படியே போனது.

தலைப்பைச் சொன்னதுமே முதல் கேள்வி வந்துவிட்டது. "ஐந்து குழந்தைகளும் அதுவும்" என்றேன்.

"அதுன்னா எது சித்தி?"

இந்தப் பதிவு முழுக்க அந்த 'அது'வைப் பற்றித்தான்.

கதை நடப்பது இங்கிலாந்தில், கென்ட் பகுதியின் கிராமப்புறத்தில். லண்டனில் வளர்ந்த சிரில், ஆந்தியா, ராபர்ட், ஜேன் என்ற நாலு பேரும் கோடைக்கு ஒரு வெள்ளை வீட்டுக்கு வருகிறார்கள். கூடவே ஒரு கைக்குழந்தைத் தம்பி. அவன் பேசிய முதல் சொல்லே ஆடு கத்துகிற மாதிரி இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் அவன் 'ஆட்டுக்குட்டி'. அப்பா வேலை விஷயமாக வெளியூர் போகிறார், அம்மா உடம்பு சரியில்லாத பாட்டியைப் பார்க்கப் போகிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சரளைப் பள்ளம். அதில் குழி தோண்டிக்கொண்டே போனால் ஆஸ்திரேலியா வந்துவிடும் என்று பிள்ளைகள் தோண்டுகிறார்கள். ஆந்தியா கையால் மண்ணை அள்ளும்போது விரலில் ரோமம் தட்டுப்படுகிறது. உள்ளேயிருந்து ஒரு வறண்ட குரல், என்னைச் சும்மா விடு என்கிறது.

வெளியே வந்த பிராணியை நெஸ்பிட் வர்ணிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நத்தைக்கு இருப்பதுபோல நீண்ட கொம்புகள், அந்தக் கொம்புகளின் நுனியில் கண்கள். தொலைநோக்கிபோல உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே நீட்டும். வௌவால் காது. சிலந்தி மாதிரி உருண்டு திரண்ட உடம்பு, மேலெல்லாம் அடர்ந்த மெத்தென்ற ரோமம். கையும் காலும் குரங்கினுடையவை. பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் ஒரு லட்சணமும் அதற்குக் கிடையாது. பேச்சும் அப்படித்தான். தன்னை இன்னதென்று தெரியவில்லை என்று குழந்தைகள் சொன்னதும் அதற்கு முகம் சுண்டிப்போகிறது. நான் ஒரு சாமியட், இதுகூடத் தெரியாதா என்று கேட்கிறது.

இந்தப் பெயரைச் சொன்னதும் பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சாமியா சித்தி?"

சாமி இல்லை, சாமியட். கிரேக்க மொழியில் 'சம்மோஸ்' என்றால் மணல். மரத்தில் இருக்கும் தேவதைக்கு டிரையட், நீரில் இருக்கும் தேவதைக்கு நையட் என்று கிரேக்கர்கள் பெயர் வைத்திருந்தார்கள் அல்லவா, அதே வாய்ப்பாட்டில் மணலுக்கு ஒன்றை நெஸ்பிட் தானாக உண்டாக்கிக்கொண்டார். புராணத்தில் இல்லாத பிராணி, புராணத்தில் இருந்து வந்தது போன்ற பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'பி' வரும், உச்சரிப்பில் வராது. ஆனால் அவள் காதில் சாமி என்று விழுந்ததில் தப்பே இல்லை. அது வரம் தருகிறதே!

வரம் தருவதற்கு அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொம்பின் நுனியில் கண்கள் பெரிதாகும். உடம்பு இரண்டு மடங்காக உப்பும். பிறகு பெருமூச்சு விட்டு மூச்சை வெளியே விடும். வரம் கிடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான வருஷம் மணலுக்குள் தூங்கி எழுந்ததால் முதல் தடவை உப்பிப் பார்த்தும் அதனால் முடியவில்லை, பழக்கம் விட்டுப்போச்சு என்று ஒத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வரம்தான், அதுவும் நாலு பேருக்கும் சேர்த்து. அதற்கு மேல் கேட்டால் உடம்புக்கு ஆகாது. சூரியன் மறைந்தால் வரமும் மறைந்துவிடும்.

பழைய காலத்தில் இப்படி இல்லையாம். அப்போது மனிதர்கள் கேட்டதெல்லாம் சாப்பாடு. காலையில் வீட்டுக் குழந்தை ஒன்றை அனுப்பி ஒரு மெகாதேரியமோ இக்தியோசாரஸோ வாங்கிக்கொள்வார்கள். சாப்பிட்டது போக மிச்சம் இருந்தது சாயங்காலம் கல்லாகிவிடும். இன்றைக்குத் தோண்டும் இடத்திலெல்லாம் கல்லான எலும்புகள் கிடைக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான் என்கிறது சாமியட். இந்தக் காலத்தவர்களோ அழகு வேண்டும், எல்லோரும் விரும்ப வேண்டும் என்கிறார்கள். அழகை எப்படிக் கல்லாக்குவது? அதனால் அவை சும்மா மறைந்துபோகின்றன. தொல்லுயிர் எச்சத்துக்கு இப்படி ஒரு காரணத்தை நினைத்த மூளையை என்ன சொல்ல!  

அந்த இனமே அழிந்துபோன கதையும் வருகிறது. கடற்கரையில் குழந்தைகள் மணல் கோட்டை கட்டினார்கள். கோட்டை என்றால் சுற்றி அகழி வேண்டாமா? அகழி வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வந்தது. ஈரம் பட்டால் மணல் பிராணிகளுக்குச் சளி பிடிக்கும், பிடித்தால் பிழைக்காது. ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. நம் சாமியட்டுக்கு மேல் இடது மீசையில் பன்னிரண்டாவது ரோமத்தின் நுனியில் மட்டும் ஒரு முறை தண்ணீர் பட்டது. ஆயிரம் ஆயிரம் வருஷம் கழித்தும் மழைக்காலம் வந்தால் அந்த இடம் வலிக்கிறது.

12 வயதில் இதைப் படித்துச் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. நாம் எல்லோரும் வரக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். பஸ்மாசுரன் கேட்டான், சிவன் கொடுத்தார். அதற்குப் பின்னால் ஓட வேண்டி வந்தது வேறு விஷயம், கொடுக்கிற அந்த நொடியில் கொடுப்பவருக்கு ஒரு வலியும் இல்லை. அலாவுதீனின் பூதம் மலையையே தூக்கி வரும், விளக்கைத் தேய்த்தவனுக்கு அது அடிமை. அந்த அடிமைக்குக் கை வலித்ததா என்று கேட்டு ஒரு வரி கிடையாது. சாமியட் ஒன்றுதான் நான் படித்த வரம் தரும் பிராணிகளில் களைத்துப்போகிற பிராணி. அதற்கு நோவு உண்டு, தூக்கம் உண்டு, எரிச்சல் உண்டு, பயம் உண்டு. அது சிடுசிடுப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தினமும் காலையில் ஒருத்தர் வந்து எழுப்பி எனக்கு இன்றைக்கு என்ன தருவாய் என்று நின்றால் யாருக்கும் முகம் அப்படித்தான் ஆகும். வீட்டில் நமக்காக ஓயாமல் செய்கிறவர்களின் முகத்தை இந்த வயதில்தான் நான் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன்.

கேட்ட வரங்கள் எல்லாம் தப்பாகிப்போவதுதான் கதையின் ஓட்டம். முதல் நாள் அழகு கேட்கிறார்கள். கிடைக்கிறது. ஆட்டுக்குட்டி அவர்களை அடையாளம் தெரியாமல் வீரிட்டு அழுகிறான், வேலைக்கார மார்த்தா அந்நியப் பிள்ளைகள் என்று கதவைச் சாத்துகிறாள், பொழுது சாயும்வரை பட்டினி. அடுத்தது பணம். அளவே இல்லாத பணக்காரர் ஆக வேண்டும் என்று ராபர்ட் கேட்க, சரளைப் பள்ளம் முழுக்கத் தங்கக் காசு மின்னுகிறது. அள்ளி அள்ளிப் பை நிரப்பினால் நடக்க முடியவில்லை. கால்வாசியைத் தூக்கிக்கொண்டு ரோச்செஸ்டர் ஊருக்குப் போனால் ஒரு கடைக்காரரும் வாங்க மாட்டேன் என்கிறார். எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் கினி! 'செல்லாக்காசு' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் பார்த்ததில்லை. தங்கம்தான், ஆனால் செல்லாது. குதிரை வண்டி வாங்கப் போன இடத்தில் திருட்டுச் சந்தேகம் வந்து விஷயம் போலீஸ்வரை போகிறது.

சிறகு, கோட்டை முற்றுகை, ரொட்டிக்காரப் பையனைவிடப் பெரிய ஆளாவது, இவற்றையெல்லாம் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் நிற்க விரும்புவது ஆட்டுக்குட்டி வரும் அத்தியாயத்தில்.

நச்சரிக்கிற தம்பியின் மேல் எரிச்சல் வந்து, இவனை எல்லோரும் வேண்டும் வேண்டும் என்று கேட்டால் எங்களுக்கு நிம்மதி என்ற பொருளில் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்துவிடுகிறது. பக்கத்தில் சாமியட் உப்பி அடங்குகிறது. அவ்வளவுதான். வழியில் போகிற ஒவ்வொருத்தரும் குழந்தையைப் பறிக்க வருகிறார்கள். வண்டியில் வந்த சீமாட்டி தூக்கிக்கொண்டு போகிறாள், நாடோடிக் கூட்டமே அவனுக்காக அடித்துக்கொள்கிறது. காலையில் வேண்டாம் என்று சொன்ன தம்பியைச் சாயங்காலம்வரை காப்பாற்றுவதே நாலு பேருக்கும் வேலையாகிறது. இங்கே அக்கா மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான்.

இந்த அத்தியாயத்துக்குப் பின்னால் ஒரு நிஜ வாழ்க்கை இருக்கிறது. புத்தகம் ஜான் பிளாண்ட் என்ற குழந்தைக்குச் சமர்ப்பணம். ஜான் 1899இல் பிறந்தவன். நெஸ்பிட்டின் கணவர் ஹியூபர்ட் பிளாண்டுக்கும், அவர்கள் வீட்டிலேயே வாழ்ந்த தோழி ஆலிஸ் ஹோட்சனுக்கும் பிறந்த பிள்ளை. நெஸ்பிட் அவனைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். அடுத்த ஆண்டு, 1900இல், அவருடைய சொந்த மகன் ஃபேபியன் ஒரு சின்ன அறுவை சிகிச்சையை ஒட்டி இறந்துபோனான். அவனுக்கு 15 வயது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1902இல், ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் மாதத் தொடராக வந்து அதே ஆண்டில் நூலானது இந்தக் கதை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, இன்னொருத்தி பெற்ற பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, எல்லோரும் கேட்கிற ஒரு குழந்தையை விடமாட்டேன் என்று நாலு பிள்ளைகள் ஓடுகிற கதையை எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அத்தியாயத்தை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை.

அடுத்த அத்தியாயம் மழையில் தொடங்குகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் யாரும் பள்ளத்துக்குப் போவதில்லை. ஈரத்தில் சாமியட்டை எழுப்பினால் அதற்கு ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். வரம் கிடைக்காமல் ஒரு நாள் வீணாகிறது, பரவாயில்லை என்று இருந்துவிடுகிறார்கள். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு ஆந்தியா மட்டும் எழுகிறாள். ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் படுக்கும்போது தலையணையில் ஐந்து முறை தலையை இடித்துக்கொள்ள வேண்டும் என்ற ரகசியத்தையும் நெஸ்பிட் வாசகர்களுக்குச் சொல்லித் தருகிறார். தனியாகப் போய் மணலைக் கிளறுகிறாள். காலைக் குளிர் பிராணிக்குப் பிடிக்கவில்லை, முனகிக்கொண்டே வெளியே வருகிறது. ஆந்தியா, என் மடியில் உட்கார்ந்துகொள்கிறாயா, கதகதப்பாக இருக்கும் என்கிறாள். அது ஏறி உட்காருகிறது. அவள் கொஞ்சம் பயத்தோடு மெதுவாக அணைத்துக்கொண்டு, இடது மீசை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாள். ராத்திரி சரியான தூக்கம் இல்லை என்று மீசையின் நிலவரத்தைச் சொல்லிவிட்டு, விசாரித்ததற்கு நன்றியும் சொல்கிறது.

இவ்வளவு நாளில் யாரும் அதைக் கேட்காத கேள்வி இது. அந்தச் சிறுமி கேட்டதும் சிடுமூஞ்சிப் பிராணியின் குரலே மாறிவிடுகிறது. குழந்தை இலக்கியத்தில் எத்தனையோ டிராகன்களும் பேசும் சிங்கங்களும் வருகின்றன. அவற்றையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இந்த ஒரு பக்கத்தைத்தான் நான் கையில் எடுப்பேன்.

மாடியில் இந்த இடம் வந்தபோது எனக்கு வேறொரு சிக்கல். அதுவரை 'அது வந்தது, அது சொன்னது' என்றே போய்க்கொண்டிருந்தேன். தமிழில் அஃறிணை என்று ஒரு பெட்டி இருக்கிறதே, பிராணி என்றால் தானாக அதில் போய் விழுந்துவிடும். மடியில் உட்கார்ந்து நன்றி சொல்கிற ஒன்றை 'அது' என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா மகள் என்னை முந்திக்கொண்டாள். "சித்தி, அவருக்கு மீசை வலி போயிடுமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் மாடியில் சாமியட் 'அவர்' ஆகிவிட்டார். தலைப்பிலேயே 'அது' என்று வைத்த நெஸ்பிட்டுக்கும் கை வழுக்கத்தான் செய்திருக்கிறது. மழை நாளில் மீசை வலியைச் சொல்லும் வாக்கியத்தில் 'அவன்' என்று எழுதியிருக்கிறார்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு வரம் எல்லை மீறுகிறது. அம்மா திரும்பி வரும்போது அவளுக்குப் பரிசாக ஒரு சீமாட்டியின் நகைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன, ஓர் அப்பாவி மேல் திருட்டுப் பழி விழப் போகிறது. அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்றல்ல. சாமியட் ஒப்புக்கொள்கிறது, இனி ஒருபோதும் வரம் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. திரும்பத் திரும்ப உப்பி, மூச்சு விட்டு, தொய்ந்துபோகிறது. பெரியவர்களிடம் தன்னைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கெஞ்சுகிறது. அதற்கு அது சொல்கிற காரணம்தான் அருமை. பெரியவர்கள் அழகும் சிறகும் கேட்க மாட்டார்களாம். படிப்படியாக உயரும் வருமான வரி, முதியோர் ஓய்வூதியம், ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை, இலவச இடைநிலைக் கல்வி என்று கேட்டு, அதை நிலைக்கவும் வைத்து, உலகத்தையே தலைகீழாக்கிவிடுவார்களாம்!

நெஸ்பிட் இதைப் போகிற போக்கில் எழுதவில்லை. 1884இல் லண்டனில் ஃபேபியன் சங்கத்தைத் தொடங்கிய சோஷலிஸ்டுகளில் அவரும் அவர் கணவரும் இருந்தார்கள். மகனுக்குப் பெயரே அதிலிருந்துதான். அந்தப் பட்டியலில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908இலும், ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு 1918இலும், இலவச இடைநிலைக் கல்வி 1944இலும் பிரிட்டனுக்கு வந்தன. எந்தச் சாமியட்டும் மூச்சைப் பிடிக்கவில்லை, மனிதர்கள் போராடி வாங்கினார்கள்.

வேறு வரம் கேட்க முடியாத நிலையில், மறுபடி உன்னைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதற்கும் ஒரு முறை உப்பிக் கொடுத்துவிட்டு மணலுக்குள் போகிறது. 1904இல் வந்த இரண்டாவது புத்தகத்தின் நாயகர் ஒரு பீனிக்ஸ் பறவை. அதன் தற்பெருமை வேடிக்கையானதுதான், ஆனால் எனக்கு அதன்மேல் பெரிய ஒட்டுதல் வரவில்லை. 1906இல் வந்த மூன்றாவது புத்தகத்தில், லண்டனில் பிராணிகள் விற்கும் ஒரு கடையில் சாமியட் கூண்டுக்குள் இருக்கிறது. கடைக்காரர் அதை ஏதோ சொறி பிடித்த குரங்கு என்று நினைத்து வைத்திருக்கிறார். ஒரு பள்ளம் நிறையத் தங்கம் கொடுத்த பிராணி, என்னை வாங்கிக்கொள் வாங்கிக்கொள் என்று குழந்தைகளிடம் கெஞ்சுகிறது. அந்த இடத்தில் அக்கா மகள் அழுதுவிட்டாள். நான் புத்தகத்தைத் தாழ்த்தி வைத்துவிட்டு, வாங்கிடுவாங்க கண்ணு, நிச்சயம் வாங்கிடுவாங்க என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அதே புத்தகத்தில் பாபிலோன் ராணி லண்டனுக்கு வந்து, கிழக்குப் பகுதித் தெருக்களில் நடக்கிற ஏழைகளைப் பார்த்து, உங்கள் அடிமைகளை ஏன் இப்படிப் பட்டினி போடுகிறீர்கள் என்று கேட்கிறாள். அடிமைகள் இல்லை, உழைப்பாளிகள், அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது என்கிறார்கள் பிள்ளைகள். ஓட்டு என்றால் என்ன, மந்திரமா, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று அவள் கேட்க, பதில் சொல்லத் தெரியவில்லை. உடனே அவள் இவர்கள் எல்லோர் கையிலும் இப்போதே பிடித்த சாப்பாடு வரட்டும் என்கிறாள். சாமியட் உப்புகிறது. இந்தப் பிராணி தந்த வரங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

2004இல் இதைத் திரைப்படமாக எடுத்து சாமியட்டை நிறையப் பேசவைத்தார்கள். அதன் களைப்பு படத்தில் இல்லை. 1914இல் முதல் உலகப் போர் வந்தபோது இந்தக் கதையின் பையன்கள் சிப்பாய் வயதில் இருப்பார்கள் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு கேட் சாண்டர்ஸ் 2014இல் எழுதிய தொடர்ச்சி நாவல், நெஸ்பிட்டின் மனசுக்கு எவ்வளவோ நெருக்கம். வயது வந்த பிறகு படியுங்கள், நெஞ்சை அடைக்கும்.

நெஸ்பிட் 1924இல் இறந்தார். அவருடைய புத்தகங்களின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தமிழில் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். நாலாவது அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களில் மட்டும் அவசரப்படாதீர்கள். மீசை எப்படி இருக்கிறது என்று ஆந்தியா கேட்கிற இடத்தில் குழந்தை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.